குளவி கொட்டினால் இரத்தம் எங்கே போகுது?

எங்கட செட்டிகுளத்துப் பக்கம் வயலில் ஆள் மயங்கினால் மோட்டார் சைக்கிள்தான். நடுவில் இருத்தி, பின்னால் ஒருவர் பிடிக்க, ஆஸ்பத்திரிக்குப் பறப்போம். குளவி கொட்டி மயங்கினவருக்கு அந்த இருப்பே ஆபத்து.

குளவி விஷம் ஒத்துக்கொள்ளாத உடம்பில் மாஸ்ட் கலங்கள் ஹிஸ்டமினை வெளியே விடும். இரத்தக் குழாய்கள் விரியும். அவற்றின் சுவரில் இடைவெளி விழும். தோலில் தெரியிற தடிப்பு அந்தக் கசிவில் கொஞ்சம்தான். கடுமையானால் பத்தே நிமிடத்தில் குழாய்களுக்குள் இருக்கிற திரவத்தில் 35 சதவீதம் வரை வெளியேறிவிடலாம். ஒரு சொட்டு இரத்தமும் நிலத்தில் சிந்தாது, ஆனால் இதயத்துக்குத் திரும்பி வர இரத்தம் காணாது. நிமிர்த்தி இருத்தினால் மிச்சமும் காலுக்கு இறங்கும். அப்படி இருத்தின கையோடு உயிர் போன சம்பவங்கள் பிரித்தானியாவில் பதிவாகியிருக்கு.

படுக்கவைத்துக் காலை உயர்த்த வேணும். மூச்சு முட்டினால் மட்டும், காலை நீட்டியபடி சாய்ந்திருக்க விடலாம். அலர்ஜிக்குப் போடுற குளிசை கடியைக் குறைக்கும், விழுந்த பிரஷரைத் தூக்காது. விரிந்த குழாயை இறுக்குவது தொடையில் போடும் அட்ரினலின் ஊசி. அது ஆஸ்பத்திரியில் இருக்கு.

1990க்கு அடித்தால் அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். பிந்துமென்றால் பக்கத்து வீட்டுப் பட்டா வாகனத்தைக் கேளுங்கோ, பின்பெட்டியில் ஆளை நீட்டிப் படுக்கவைக்கலாம்.