அரைக்கால் சட்டையும் அலுமினியத் தட்டும்

நிறவெறியை எதிர்த்து வாழ்நாள் முழுதும் போராடியவர் யார் என்று வகுப்பில் கேட்டால், மாணவர்கள் உடனே மண்டேலா என்பர். எனக்கோ அவருடன் சிறை சென்ற அஹ்மது கத்ராடாவே முதலில் நினைவுக்கு வருவார். அதற்குக் காரணம் அவரது வீரமன்று, ஒரு கால்சட்டை.

குஜராத்திலிருந்து தென்னாப்பிரிக்காவில் குடியேறிய முஸ்லிம் குடும்பத்தில் 1929இல் பிறந்தவர் அவர். பிறந்த ஊரில் வெள்ளையர்க்குப் பள்ளி இருந்தது, ஆப்பிரிக்கர்க்கும் இருந்தது. இந்தியச் சிறுவனுக்கு இரண்டிலும் இடமில்லை. கல்விக்காக ஜோகன்னஸ்பர்க் அனுப்பப்பட்டார். இந்தியரின் நில உரிமையை ஒடுக்கிய சட்டத்தை எதிர்த்து 1946இல் எழுந்த அறப்போரில், 17 வயதில் சிறை புகுந்தார். 1964இல் ரிவோனியா வழக்கில் ஆயுள் தண்டனை பெற்றபோது வயது 34.

ராபன் தீவுச் சிறையில் ஆப்பிரிக்கர்க்கு அரைக்கால் சட்டை. இந்தியரான கத்ராடாவுக்கு முழுக்கால் சட்டை. அங்குச் சென்ற அவ்வழக்கின் தோழர்களுள் வயதில் இளையவர் அவரே! உணவிலும் அப்படித்தான்: அவருக்கு ரொட்டி உண்டு, மண்டேலாவுக்கு இல்லை. உடன் தண்டிக்கப்பட்ட வெள்ளையர் டெனிஸ் கோல்ட்பெர்க்கை அத்தீவுக்கே அனுப்பாமல் பிரிட்டோரியாவில் அடைத்தார்கள். தண்டனையிலும் நிறம் பார்த்த ஆட்சி அது.

அச்சலுகையை உதறிவிடவே கத்ராடா விரும்பினார், மூத்தோர் தடுத்தனர். பெற்றதை இழந்து எல்லாரும் கீழிறங்குவது சமத்துவமாகாது. எல்லாரும் மேலேறும்படி கேட்போம் என்பது அவர்கள் வாதம். முதன்முதலில் இதைப் படித்தபோது, வசதியான வாதம் என்றே எண்ணினேன். ஆனால் அவர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். உணவு சமமாவதற்குள் பல்லாண்டுகள் கழிந்தன. இடையில் அஞ்சல்வழியே பட்டங்கள் பெற்றார் கத்ராடா. சிறையில் தம்மை மிகவும் வாட்டியது குழந்தைகளைக் காணமுடியாமையே என்று பின்னாளில் கூறினார்.

1989 அக்டோபரில் விடுதலையானபோது வயது 60. இனி ஓய்வு என்றிருந்தால் யார் குறை சொல்வர்? 1994இல் நாடாளுமன்றம் சென்றார், 1999இல் விலகினார். 2016இல், 86ஆம் வயதில், தம் கட்சியைச் சேர்ந்த குடியரசுத் தலைவரையே பதவி விலகுமாறு வேண்டிக் கடிதம் எழுதினார். பகைவனை எதிர்ப்பதினும் இது கடினம் என்பது என் எண்ணம். அடுத்த ஆண்டு மார்ச்சில் மறைந்தார்.

இதை எழுதும்போது என் இளமைக்காலப் பெருநாளொன்று குறுக்கே வந்து நிற்கிறது. எங்கள் ஊரில் விருந்தென்றால் சகன் சாப்பாடு. செல்வரும் ஏழையும் ஒரே தட்டைச் சுற்றி அமர்ந்துண்ணும் அச்சிறப்பை மேடைகளில் நானே முழங்கியிருக்கிறேன். ஆனால் எங்கள் தோப்பில் உழைத்த முதியவருக்குக் கொல்லைப்புறத்தில் தனியே ஓர் அலுமினியத் தட்டு. அதே சோறு, அதே ஆணம்; தட்டு மட்டும் வேறு. அப்போது நான் கல்லூரி மாணவன். கண்டேன், வாப்பாவிடம் ஒரு சொல் கேட்கவில்லை. சகனில் எனக்கிருந்த இடத்தை நான் துறக்க வேண்டியதில்லை. அவரையும் அழைத்து அமர்த்தச் சொல்லியிருந்தால் போதும்.

அம்முதியவர் மறைந்த பின்னும் சில ஆண்டுகள் அத்தட்டு கிணற்றடிச் சுவர்மேல் கவிழ்ந்து கிடந்தது. அதை அகற்றியது யாரென்று தெரியவில்லை. நானல்லன்.