மரத்தூள் வாசமடிக்கும் கார்ப் பட்டறை

கார் தொழிற்சாலை என்றால் எண்ணெய் நாற்றம்தான் வரவேற்கும் என்று நினைத்துப் போனேன். மூக்கில் ஏறியது மரத்தூள். இங்கிலாந்தின் வூஸ்டர்ஷைரில், மால்வெர்ன் குன்றுகளின் அடிவாரத்தில் இருக்கிறது மார்கன் தொழிற்சாலை. சரிவான நிலத்தில் சிவப்புச் செங்கல் கொட்டகைகள். ஒன்றில் வேலை முடிந்த வண்டியை ஆட்களே அடுத்த கொட்டகைக்குத் தள்ளிக்கொண்டு போகிறார்கள்.

இங்கே செய்யும் திறந்த மேற்கூரை வண்டிக்கு அடிச்சட்டமான சேஸிஸே மரம் என்று கார்ப் பித்தர்கள் அடித்துச் சொல்வார்கள். தப்பு. 1936-இல் வந்த முதல் நாலுசக்கர மார்கனுக்கே சேஸிஸ் எஃகுதான், இப்போது அலுமினியம். அதன்மேல் எலும்புக்கூடு போல நிற்கும் பாடிச் சட்டம்தான் மரம். ஆஷ் மரம். கிரிக்கெட் ஸ்டம்பு செய்வதும் இதில்தான். அடி தாங்கும், வளைந்து கொடுக்கும்.

நிறுவனத்தைத் தொடங்கியவர் எச்.எஃப்.எஸ். மார்கன், ஒரு பாதிரியாரின் மகன். 1909-இல் தனக்கென்று ஒரு மூன்றுசக்கர வண்டி செய்தார். அதில் அவர் வைத்த முன்சக்கர சஸ்பென்ஷன் முறை, நாலுசக்கர வண்டிகளிலும் 2020 வரை ஓடியது. முதுகு வலிக்கும் என்று ஓட்டியவர்கள் முணுமுணுத்தாலும் விடவில்லை. பிடிவாதம் இந்த வீட்டுக்குப் பரம்பரைச் சொத்து. 1990-இல் பிபிசி நிகழ்ச்சிக்காக வந்த தொழில் நிபுணர் ஜான் ஹார்வி-ஜோன்ஸ், உற்பத்தியைக் கூட்டுங்கள் என்றார். வாங்குகிறவர்கள் வருடக்கணக்கில் காத்திருந்த காலம் அது. எச்.எஃப்.எஸ். மார்கனின் மகன் பீட்டர் மார்கன் அந்த யோசனையை ஏற்கவில்லை. கணக்குப்படி பார்த்தால் நிபுணர் சொன்னதில் நியாயம் இருந்தது என்றே எனக்குப் படுகிறது.

தச்சுக் கொட்டகைக்குள் போனதும் அந்தக் கணக்கு கொஞ்சம் மறந்துபோனது. பின்சக்கரத்துக்கு மேலே வரும் வளைவை ஒரே மரத்தில் செதுக்குவதில்லை. மூன்று மெல்லிய பலகைகளைப் பசை தடவி அடுக்கி, வளைந்த மர அச்சில் வைத்து இறுக்கிவிடுகிறார்கள். காய்ந்தபின் கழற்றினால் வளைவு அப்படியே நிற்கிறது. ஓரத்தில் பிதுங்கி உறைந்த பசையை ஒருவர் சுரண்டிக்கொண்டிருந்தார்.

பக்கத்தில் ஐம்பது வயது மதிக்கத்தக்க தச்சர் கதவு பொருத்திக்கொண்டிருந்தார். கதவை மூடினார், இடுக்கில் விரலை ஓட்டினார், திறந்தார். இழைப்புளியால் ஒரே ஒரு இழுப்பு. தாள் போல ஒரு சீவல் சுருண்டு விழுந்தது. கதவின் உள்பக்கம் பென்சிலில் வண்டி எண்.

“எண் எதுக்கு?” என்றேன்.

“இதைக் கொண்டுபோய் வேற வண்டியில மாட்டிப் பாருங்க, சேராது.”

பெருமையாகச் சொல்லவில்லை, மழை வரும் என்று சொல்வது போலச் சொன்னார். மறுபடி மூடினார். எனக்குச் சரியாக உட்கார்ந்தது போலத்தான் இருந்தது. அவர் தலையைச் சாய்த்து அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு, திரும்பவும் இழைப்புளியை எடுத்தார்.