சாவி யார் கையில்?

மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு

திரைப்படங்களில் இந்தக் காட்சியை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். திருடன் காரில் பறக்கிறான். துரத்தி வந்த காவல் அதிகாரியின் ஜீப் நடுவழியில் நின்றுவிடுகிறது. உடனே அவர் எதிரே வந்த மோட்டார் சைக்கிளை மறித்து, ஓட்டி வந்தவரை இறக்கிவிட்டு, தான் ஏறிப் பறக்கிறார். கொட்டகை அதிர்கிறது. நடுத்தெருவில் விடப்பட்ட அந்த அப்பாவி மனிதர் என்ன ஆனார், வேலைக்கு எப்படிப் போனார், அவருடைய வண்டி வீடு திரும்பியதா என்றெல்லாம் இயக்குநரும் கேட்பதில்லை, நாமும் கேட்பதில்லை.

நான் கேட்கத் தொடங்கியது 2024ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில். காரணம் என் சித்தப்பாவின் வேன்.

சித்தப்பாவிடம் இருப்பது ஒரே ஒரு வேன். பதினான்கு பேர் உட்காரலாம். நிதி நிறுவனத்தில் கடன் வாங்கி எடுத்தது. மாதம் பிறந்து ஐந்தாம் தேதி வந்தால் தவணை கட்டியாக வேண்டும். காதுகுத்து, கோயில், கல்யாணம், துக்கம் என்று எது நடந்தாலும் அவருக்கு அது சவாரி. ‘ஊரில் நல்லது நடந்தாலும் கெட்டது நடந்தாலும் என் அடுப்பு எரியும்’ என்று வேடிக்கையாகச் சொல்வார்.

அந்த ஆண்டு தமிழ்நாட்டின் 39 மக்களவைத் தொகுதிகளுக்கும் ஏப்ரல் 19 அன்று ஒரே நாளில் வாக்குப்பதிவு. மூன்று நாள் முன்பு, 16ஆம் தேதி மாலை, சவாரி இறக்கிவிட்டுத் திரும்பிய சித்தப்பாவை ரவுண்டானா அருகில் காவலர் ஒருவர் கை காட்டி நிறுத்தினார்.

“வண்டியை ஓரங்கட்டுய்யா. எலெக்‌ஷன் வேலை.”

“சார், விடியக்காலையில காதுகுத்துச் சவாரி இருக்குங்க. அட்வான்ஸ் வாங்கிட்டேன்.”

“அதெல்லாம் மைதானத்துல வந்து சொல்லு.”

சாவி காவலர் கைக்குப் போயிற்று. பிறகு அவரே பக்கத்து இருக்கையில் ஏறிக்கொண்டு, வேனை மைதானத்துக்கு ஓட்டச் சொல்லி, அங்கே மறுபடியும் சாவியை வாங்கி ஒரு அட்டைப் பெட்டியில் போட்டார். அந்தப் பெட்டியில் ஏற்கெனவே முப்பது நாற்பது சாவிகள் கிடந்தனவாம்.

இரவு சாப்பாட்டை எடுத்துக்கொண்டு அப்பாவுடன் நானும் போனேன். அந்த மைதானத்தை என்னால் மறக்க முடியாது. பள்ளிக்கூடத்து வேன், பால் வண்டி, பக்கத்துக் கண்ணாடியில் வாடிய மல்லிகைச் சரம் தொங்கும் கல்யாண வேன் என்று வரிசை வரிசையாக நின்றன. ஓட்டுநர்கள் துண்டை விரித்துச் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கைப்பேசியில் யாரிடமோ, “நான் வரலேன்னா என்னை மன்னிச்சுடுங்கம்மா” என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். பெரிய இடத்துக் கார் ஒன்றையும் அங்கே நான் காணவில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. கண்ணில் பட்டதைச் சொல்கிறேன்.

காதுகுத்துக் குடும்பத்துக்குப் பக்கத்து ஊர் நண்பரின் வண்டியை ஏற்பாடு செய்து, கூடுதல் வாடகை 1,500 ரூபாயைச் சித்தப்பாவே கொடுத்தார். மறுநாள் நண்பகலில்தான் ஒரு மேசை வந்தது. அதன் பின்னால் வருவாய்த் துறை அலுவலர் ஒருவர் அமர்ந்தார். அச்சிட்ட தாளில் வண்டி எண்ணை எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். முன் கண்ணாடியில் ‘தேர்தல் பணி’ என்று ஒட்டினார்கள். 18ஆம் தேதி வாக்குப்பதிவு இயந்திரங்களோடும் அலுவலர்களோடும் கிராமங்களுக்குப் போன வேன், 20ஆம் தேதி காலையில் வீடு வந்து சேர்ந்தது.

“சர்க்கார் காரியம், பேசாம இரு” என்றார் அப்பா. “சர்க்கார் தவணை கட்டுமா மாமா?” என்றாள் சித்தி. இரண்டு கேள்விக்கும் நடுவே நான் நூலகத்துக்குப் போனேன்.

முதலில் எனக்கு வியப்பளித்தது, இதற்கென்றே சட்டம் இருப்பது. 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 160ஆம் பிரிவு. வாக்குப் பெட்டிகளைக் கொண்டுபோகவும், தேர்தல் அமைதிக்காகக் காவல் படையினரை ஏற்றிச் செல்லவும், தேர்தல் அலுவலர்கள் போய்வரவும் எந்த வண்டியையும், படகையும், விலங்கையும் அரசு எடுத்துக்கொள்ளலாம். விலங்கு என்றதும் நகைக்காதீர்கள்! தருமபுரி மாவட்டத்துக் கோட்டூர் மலைக்கு 2021 தேர்தலிலும் வாக்குப்பதிவு இயந்திரங்கள் கழுதை முதுகில்தான் ஏறின. வண்டி என்றால் இயந்திரத்தால் ஓடுவது மட்டுமன்று, சாலையில் போக்குவரத்துக்குப் பயன்படும் எதுவும் வண்டிதான் என்று சட்டம் விளக்கமும் தருகிறது. மாட்டு வண்டியும் தப்பாது. உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் (167ஆம் பிரிவு).

தப்பும் வண்டி ஒன்று உண்டு. வேட்பாளரோ அவருடைய முகவரோ தேர்தல் வேலைக்குச் சட்டப்படி ஓட்டும் வண்டியை வாக்குப்பதிவு முடியும் வரை தொடக்கூடாது. என் சித்தப்பா எதற்கும் வேட்பாளராக நின்றதில்லை.

ஆனால் அதே பிரிவில் இன்னொரு வரி இருக்கிறது. எடுத்துக்கொள்வது எழுத்து வடிவிலான உத்தரவால் நடக்க வேண்டும். அந்த உத்தரவு உரிமையாளருக்கோ, வண்டியை வைத்திருப்பவருக்கோ தரப்பட வேண்டும். உத்தரவிடும் அதிகாரம் அரசுக்கும், அரசு அதிகாரமளித்த அலுவலருக்கும்தான். காவலர் அந்த உத்தரவைச் செயற்படுத்தும் கை, உத்தரவே அவரல்லர். அப்படியானால் 16ஆம் தேதி மாலை முதல் 17ஆம் தேதி நண்பகல் வரை, ஏறக்குறைய பதினெட்டு மணி நேரம், சித்தப்பாவின் சாவி எந்தச் சட்டத்தின் கையில் இருந்தது? சட்டத்தின் அதிகாரமின்றி எவருடைய சொத்தையும் பறிக்கக்கூடாது என்கிறது நம் அரசியலமைப்பின் 300ஏ உறுப்பு. சொத்துரிமை அடிப்படை உரிமை என்ற நிலையை 44ஆம் திருத்தம் நீக்கியபோது, மிஞ்சி நின்ற காப்பு இது ஒன்றுதான். ஒரு வேன் சொத்துதானே?

நியாயத்துக்கு மறுபக்கமும் சொல்ல வேண்டும். அந்தத் தேர்தலில் தமிழ்நாட்டில் 68,000க்கும் மேற்பட்ட வாக்குச்சாவடிகள். அத்தனைக்கும் இயந்திரம் போக வேண்டும், ஆள் போக வேண்டும், காவல் போக வேண்டும். அரசிடம் உள்ள ஜீப்புகள் எந்த மூலைக்கு? “தாளை முதலில் அனுப்பினால், பாதி வண்டி ஒர்க்‌ஷாப்பில் படுத்துவிடும், மீதி பாதி பக்கத்து மாநிலத்துக்குப் போய்விடும்” என்று பிரேக் இன்ஸ்பெக்டர் ஒருவர் மைதானத்தில் சொன்னாராம். கேட்டுக்கொண்டிருந்த ஓட்டுநர்கள் சிரித்தார்கள் என்கிறார் சித்தப்பா. அந்தச் சிரிப்பில் உண்மை இருக்கிறது. என்றாலும், ஒளிப்பவனைப் பிடிக்கும் முறையால் ஒளிக்காதவனின் விடியற்காலைச் சவாரி போவது எனக்கு ஒப்பவில்லை. ஒரு வாரம் முன்பே பட்டியலிட்டு, எந்த வண்டி எந்த நாள் என்று தாள் கொடுத்திருந்தால் அவர் காதுகுத்துக்கு அட்வான்ஸே வாங்கியிருக்க மாட்டார்.

வாடகை? அதற்கும் சட்டம் இடம் வைத்திருக்கிறது. 161ஆம் பிரிவின்படி, அந்த வட்டாரத்தில் வழங்கும் வாடகையை அடிப்படையாகக் கொண்டு இழப்பீடு தர வேண்டும். போதாதென்றால் நடுவர் முன் போகலாம். தவணையில் வாங்கிய வண்டியானால், இழப்பீட்டை வைத்திருப்பவருக்கும் உரிமையாளருக்கும் எப்படிப் பங்கிடுவது என்றுகூட எழுதியிருக்கிறார்கள். எங்கள் வீட்டுத் தவணையைப் பற்றி 1951லேயே யாரோ யோசித்திருக்கிறார்கள் என்று படித்தபோது, அந்தப் பெயர் தெரியாத வரைவாளர் மீது எனக்கு ஒரு மரியாதையே வந்துவிட்டது. பணம் சித்திரையில் ஓடிய வண்டிக்குக் கார்த்திகையில் வந்தது. ஊர் வாடகையில் முக்கால் பங்கு இருக்கும். நடுவரிடம் போகலாமே என்றேன். “அதுக்குப் போற வர்ற டீசல் யாரு பாப்பா தருவா?” என்றார்.

1914 செப்டம்பரில் ஜெர்மானியப் படை பாரிஸை நெருங்கியபோது, தளபதி கலியேனி அந்நகரின் டாக்சிகளை வரவழைத்தார். சுமார் 600 டாக்சிகள் ஆயிரக்கணக்கான வீரர்களை மார்ன் போர்முனைக்கு ஏற்றிச் சென்றன. போரின் போக்கை அவைதாம் மாற்றின என்பது மிகை என்று வரலாற்றாசிரியர்கள் சொல்வர். எனக்குப் பிடித்த செய்தி வேறு. பகைவன் வாசலில் நிற்கும் அந்த வேளையிலும் டாக்சிகளின் மீட்டர் ஓடியது! காட்டிய கட்டணத்தில் ஓட்டுநருக்குரிய பங்கை அரசு கொடுத்தது.

தேர்தல் முன்கூட்டியே தெரிந்த நாளில் வருவது. வெள்ளமும் விபத்தும் அப்படியா? உண்மையான அவசரத்தில் சட்டம் என்ன சொல்கிறது? 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம், 65ஆம் பிரிவு, மீட்புப் பணிக்கு வண்டிகளை எடுத்துக்கொள்ள மாவட்ட ஆணையத்துக்கும் அது அதிகாரமளித்த அலுவலருக்கும் உரிமை தருகிறது. அங்கும் எழுத்து உத்தரவு, அங்கும் வாடகை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதே, அப்படிப்பட்ட நாளில் எவரும் தாளுக்காகக் காத்திருக்கக் கூடாது என்பதுதான் என் கருத்து. 2018 கேரள வெள்ளத்தில் மீனவர்கள் எந்த உத்தரவையும் எதிர்பாராமல் தங்கள் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு உள்நாட்டு ஊர்களுக்கு வந்து மக்களைக் காத்தார்கள்.

இனித் திரைப்படக் காட்சிக்கு வருவோம். திருடனைத் துரத்தும் காவலர் என் வண்டியைப் பறிக்கலாமா? நியூயார்க்கில் இதே போன்ற ஒன்று நடந்து வழக்காயிற்று. காவலர் ஒருவர் ஒரு டாக்சியின் படியில் ஏறி, முன்னே போகும் காரைத் துரத்தச் சொன்னார். ஓட்டுநர் துரத்தினார், அதில் உயிரிழந்தார். தொழிலாளர் இழப்பீடு உண்டா என்பது கேள்வி. 1928இல் தலைமை நீதிபதி கார்டோசோ உண்டு என்றார். 1285ஆம் ஆண்டின் வின்செஸ்டர் சட்டம் வரை பின்னோக்கிப் போய், கூக்குரல் கேட்டால் ஊரார் கையிலிருப்பதைக் கொண்டு ஓடிவர வேண்டிய பழைய கடமை டாக்சி ஓட்டுநருக்கும் உண்டு. எனவே அவர் தம் வேலையின்போதே இறந்தார் என்று தீர்ப்பளித்தார். கடமையைச் சொன்ன கையோடு இழப்பீட்டையும் சொன்னார் என்பதைக் கவனியுங்கள். ஆனால் அதே அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம், காவலருக்கு உதவ மறுப்பது குற்றம் என்ற தன் பழஞ்சட்டத்தை 2019இல் நீக்கிவிட்டது.

நம் நாட்டில் அந்தக் கடமை இன்னும் இருக்கிறது. குற்ற விசாரணை முறைச் சட்டத்தின் 37ஆம் பிரிவாக இருந்தது, 2024 ஜூலை முதல் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 31ஆம் பிரிவாகியிருக்கிறது. கைது செய்ய வேண்டியவனைப் பிடிக்கவும், அமைதிக் குலைவைத் தடுக்கவும், பொதுச் சொத்தைக் காக்கவும் காவலர் நியாயமாகக் கேட்கும் உதவியை எவரும் தர வேண்டும். ‘நியாயமாக’ என்ற சொல்லைச் சட்டமே போட்டிருக்கிறது. ‘வண்டி’ என்ற சொல் அதில் இல்லை. கேட்பது இருக்கிறது, எடுத்துக்கொள்வது இல்லை. இறங்கு, நான் ஓட்டுகிறேன் என்பது உதவி கேட்பதாகுமா என்று மரத்தடியில் நாங்கள் ஒரு மணி நேரம் வாதாடினோம். ஆகாது என்பதே என் கட்சி. ‘ஏறுங்கள் சார், எங்கே போக வேண்டும்?’ என்று வண்டிக்காரர் சொன்னால் அது வேறு.

அப்படிச் சொன்னவரும் என் சித்தப்பாதான். 2022 ஐப்பசி மழையில், நெடுஞ்சாலையில் ஒரு பேருந்து கவிழ்ந்து கிடந்தது. உதவி ஆய்வாளர் ஒருவர் மழையில் நனைந்தபடி வேனை மறித்து, “அண்ணே, ஆம்புலன்ஸ் ஒண்ணுதான் வந்திருக்கு. நாலு பேரைக் கொண்டுபோகணும்” என்றாராம். சித்தப்பா வேனிலிருந்தவர்களை அருகிலிருந்த டீக்கடையில் இறக்கிவிட்டு, இரண்டு நடை போய் வந்தார். இருக்கைகளில் படிந்த இரத்தத்தை மறுநாள் வீட்டு வாசலில் கழுவினோம். சித்தி வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினாள். அன்று அவர் கையில் தாளும் இல்லை, வாடகையும் இல்லை. அன்றைய சவாரிக் கூலியில் பாதியைத் திருப்பிக் கொடுத்தார். அதைப் பற்றி இன்றுவரை அவர் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அந்த அட்டைப் பெட்டியைப் பற்றித்தான் இன்னும் பேசுகிறார்.

அன்றும் சாவி அவருடைய வேனில்தான் இருந்தது, அவரே ஓட்டினார். உதவி ஆய்வாளர் ‘அண்ணே’ என்றார். இவை சட்டப் புத்தகத்தில் இல்லாத விஷயங்கள். சட்டம் படிக்கப் போகும் என் தோழி ஒருத்தி, இவற்றை வைத்து வழக்காட முடியாது என்கிறாள். இருக்கலாம்.

160, 161ஆம் பிரிவுகளின் சாரத்தை ஒரு பக்கத் தமிழில் எழுதிச் சித்தப்பாவிடம் கொடுத்திருக்கிறேன். ஆர்.சி. புத்தகத்தோடு சேர்த்துப் பிளாஸ்டிக் உறையில் வைத்திருக்கிறார். முதல் முறை படித்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “வண்டிக்கு எழுதியிருக்கு பாப்பா. டிரைவர் பேட்டா எங்க எழுதியிருக்கு?” என்று கேட்டார். மறுபடியும் பிரிவைத் தேடிப் பார்த்தேன். வண்டி இருக்கிறது, படகு இருக்கிறது, கழுதையும் இருக்கிறது. ஓட்டுநர் என்ற சொல் அதில் இல்லை.