கார்ட்ரிட்ஜும் குறுந்தகடும்

வீடியோ விளையாட்டுகளைப் பற்றி எழுதப் புகும்போது நமக்கு ஒரு சிறு கூச்சம் வந்து சேர்ந்துவிடுகிறது. நாவலையும் கவிதையையும் பேசிக்கொண்டிருந்த இடத்தில் இதென்ன சிறுபிள்ளை விவகாரம் என்று நண்பர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். ஆனால் ஒரு படைப்பு எந்த வாசல் வழியாக மக்களிடம் போய்ச் சேருகிறது, அந்த வாசலில் உட்கார்ந்து சுங்கம் வசூலிப்பவர் யார், அவரைத் தாண்டி உள்ளே போக முடியாமல் திரும்பிய படைப்புகள் எத்தனை என்ற கேள்விகளில் அக்கறை உள்ளவர்களுக்குக் கன்சோல் சந்தையின் வரலாறு நிறையவே தீனி போடும். அதிலும், 1990களின் நடுவில் சோனி என்ற வெளியாள் அங்கே நுழைந்து எல்லாவற்றையும் புரட்டிப்போட்ட கதை.

சோனி நுழைவதற்கு முன் அந்த வாசலில் உட்கார்ந்திருந்தது நின்டெண்டோ. 1889ல் கியோட்டோவில் பூப்படம் போட்ட சீட்டுக்கட்டுகள் தயாரிக்கத் தொடங்கிய குடும்ப நிறுவனம் அது. 1983ல் ஃபாமிகாம் என்ற இயந்திரத்தை ஜப்பானில் விற்பனைக்கு விட்டது. அதே ஆண்டு அமெரிக்காவில் அட்டாரியின் சந்தை சரிந்து விழுந்துகொண்டிருந்தது. யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் வெளியிடலாம் என்ற நிலையில் குப்பை விளையாட்டுகள் கடைகளில் குவிந்தன. விற்காத கார்ட்ரிட்ஜுகளை அட்டாரி நியூ மெக்சிகோவின் அலமகோர்டோ குப்பைமேட்டில் புதைத்தது. கட்டுக்கதை என்று பலரும் நினைத்திருந்த அந்தப் புதையலை 2014ல் தோண்டி எடுத்துக் காட்டினார்கள். இந்தச் சரிவிலிருந்து நின்டெண்டோ கற்றுக்கொண்டது ஒன்றே: வாசலைப் பூட்டி வை. அமெரிக்காவுக்குச் சென்ற தன் இயந்திரத்தினுள் ஒரு பூட்டுச் சில்லைப் பொருத்தியது. உரிமம் பெறாத கார்ட்ரிட்ஜ் அதில் ஓடாது. உரிமம் பெற்றவரோ அங்கே ஆண்டுக்கு ஐந்து விளையாட்டுகளுக்கு மேல் வெளியிடக் கூடாது. வெளியிட்டதை இரண்டு ஆண்டுகளுக்கு வேறு இயந்திரத்துக்குக் கொடுக்கக் கூடாது. கார்ட்ரிட்ஜுகளை நின்டெண்டோவிடமே முன்பணம் கட்டித் தயாரித்துக்கொள்ள வேண்டும்.

இந்த ஏற்பாட்டைக் கொடுமை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. குப்பையை வடிகட்டியது என்பது உண்மை. ஆனால் வடிகட்டுபவரே விற்பவராகவும், அச்சடிப்பவராகவும், போட்டியாளராகவும் இருந்தார். அங்கேதான் புழுக்கம் தொடங்கியது.

சோனியில் கென் குதராகி என்ற பொறியாளர் இருந்தார். வீட்டில் மகளுக்காக வாங்கிய ஃபாமிகாமின் ஒலித் தரம் அவரை உறுத்தியது. மேலதிகாரிகளுக்குத் தெரிவிக்காமலேயே நின்டெண்டோவுக்காக ஒரு ஒலிச் சில்லை வடிவமைக்கத் தொடங்கினார். 1990ல் வந்த சூப்பர் ஃபாமிகாமில் இசைக்கிறது அந்தச் சில்லுதான். விஷயம் வெளிவந்தபோது நிறுவனத்துக்குள் எழுந்த கோபத்திலிருந்து அவரைக் காத்தவர் தலைவர் நோரியோ ஓகா. ஓகா முறையாகப் பயின்ற பாரிட்டோன் பாடகர். சோனியின் இசைத்தட்டு நிறுவனத்தை வளர்த்தெடுத்தவர். குறுந்தகட்டின் பிறப்பில் பெரும்பங்கு வகித்தவர். இந்த விவரங்களை நாம் வெறும் அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை. பின்னால் நடந்தவற்றுக்கெல்லாம் வேர் இங்கேதான் இருக்கிறது.

சூப்பர் ஃபாமிகாமுக்கு ஒரு குறுந்தகட்டு இணைப்பைச் சோனி தயாரிப்பது என்று 1988ல் இரு நிறுவனங்களும் ஒப்பந்தம் செய்துகொண்டன. 1991 ஜூனில் சிகாகோ மின்னணுப் பொருட்காட்சியில் சோனி தன் இயந்திரத்தை அறிவித்தது. மறுநாளே அதே காட்சியில் நின்டெண்டோ தன் கூட்டாளி பிலிப்ஸ் என்று அறிவித்தது. குறுந்தகடுகளில் வரும் விளையாட்டுகளின் உரிமம் சோனியின் கைக்குப் போகும்படி பழைய ஒப்பந்தம் அமைந்திருந்ததை நின்டெண்டோவின் தலைவர் ஹிரோஷி யமாவுச்சி தாமதமாகக் கவனித்திருந்தார் என்பதே இந்தத் திடீர்த் திருப்பத்தின் காரணம். சொந்த நாட்டு நிறுவனத்தை விட்டு ஐரோப்பிய நிறுவனத்தோடு சேர்ந்தது அன்றைய ஜப்பானிய வணிக உலகில் சாதாரண அவமதிப்பு அல்ல. (பிலிப்ஸ் கூட்டில் அந்த இணைப்பு கடைசிவரை வெளிவரவே இல்லை. வெளிவந்தவை பிலிப்ஸின் சொந்தக் கருவிக்கான சில செல்டா விளையாட்டுகள். அவற்றின் அசைபடக் காட்சிகளைப் பார்த்தவர்கள் இன்றும் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள்.)

1992 கோடையில் சோனியின் மேல்மட்டக் கூட்டத்தில் இந்தத் தொழிலே வேண்டாம் என்ற குரல்தான் ஓங்கியிருந்தது. சொந்தமாகவே ஒரு இயந்திரம் செய்யலாம் என்று குதராகி வாதிட்டார். ஓகா அவர் பக்கம் நின்றார். எதிர்ப்பாளர்களின் கண்ணில் படாதபடி அந்தக் குழு இசை நிறுவனத்தின் நிழலுக்கு மாற்றப்பட்டது. 1993 நவம்பரில் உருவான சோனி கம்ப்யூட்டர் என்டர்டெய்ன்மென்ட், மின்னணுக்காரர்களும் இசைத்தட்டுக்காரர்களும் பாதிப் பாதியாகச் சேர்ந்த கலவை.

இனிமேல் வருவதுதான் நமக்கு மிகவும் சுவையான பகுதி. பிளேஸ்டேஷன் வென்றதற்குப் பலரும் அதன் முப்பரிமாண வரைகலையைக் காரணம் காட்டுவார்கள். அது பொய்யில்லை. ஆனால் நம் பார்வையில் அதைவிடப் பெரிய காரணம், குறுந்தகட்டை அச்சிடும் செலவு. கார்ட்ரிட்ஜ் என்பது நினைவகச் சில்லுகள் அடங்கிய பெட்டி. ஒவ்வொன்றுக்கும் கணிசமான செலவு. தயாராகி வர இரண்டு மூன்று மாதம். எத்தனை விற்கும் என்று முன்கூட்டியே ஊகித்துப் பணம் கட்டியாக வேண்டும். குறைத்து ஊகித்தால் கடையில் சரக்கிருக்காது, மறுபடி வருவதற்குள் ரசிகர்களின் ஆர்வம் அடங்கிவிடும். கூட்டி ஊகித்தால் விற்காத பெட்டிகளே வெளியீட்டாளரின் கழுத்தை நெரிக்கும். ஐந்நூறு பிரதி அச்சடித்து முன்னூற்றைம்பதைப் பரணில் ஏற்றிவைத்த அனுபவமுள்ள நம்மூர்ச் சிற்றிதழ்க்காரர்களுக்கு இந்த வேதனையை விளக்க வேண்டியதில்லை.

குறுந்தகட்டின் செலவு இதில் மிகச் சிறு பங்கு. சோனியிடம் ஏற்கெனவே இசைத்தட்டுகளை அடிக்கும் ஆலைகள் இருந்தன. கடைகளுக்கு நேரே அனுப்பும் பழக்கமும் இருந்தது. முதலில் கொஞ்சம் அடித்து அனுப்பு, விற்றால் சில நாட்களில் மறுபடி அடித்துக்கொள் என்ற இசைத்தட்டு வணிக முறையை விளையாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். மொத்த வியாபாரிகளின் வலைப்பின்னல் வழியாக நின்டெண்டோ நடத்திவந்த விநியோகத்துக்கு இது நேர் எதிர். விலையிலும் வித்தியாசம் கண்கூடு. ஸ்குவேர் நிறுவனத்தின் ஃபைனல் ஃபேன்டசி வரிசையில் ஆறாவது 1994ல் கார்ட்ரிட்ஜில் வந்தபோது விலை 11,400 யென். ஏழாவது 1997 ஜனவரியில் மூன்று குறுந்தகடுகளாகப் பிளேஸ்டேஷனில் வந்தபோது 6,800 யென்.

அந்த ஏழாவது பாகம் ஸ்குவேர் நின்டெண்டோவை விட்டு விலகியதன் அடையாளம். நின்டெண்டோ 1996ல் கொண்டுவந்த புதிய இயந்திரமும் கார்ட்ரிட்ஜையே பற்றிக்கொண்டிருந்தது. அதன் சூப்பர் மாரியோ 64 அடங்கியது 8 மெகாபைட்டில். ஒரு குறுந்தகட்டின் கொள்ளளவோ சுமார் 650. கார்ட்ரிட்ஜில் காத்திருப்பு கிடையாது, எளிதில் நகலெடுக்கவும் முடியாது என்ற நின்டெண்டோவின் வாதத்தில் நியாயம் உண்டு. எங்கள் தெருக்கோடியில் மணிக் கணக்கில் வாடகைக்கு விளையாட விட்ட கடையில், பிளேஸ்டேஷன் தட்டு சுழன்று சுழன்று விளையாட்டு தொடங்குவதற்குள் நம் காசில் சில நிமிடங்கள் கரைந்துவிடும். அந்தக் கடையின் தட்டுகளில் பெரும்பாலானவற்றின் பெயர் மார்க்கர் பேனாவால் எழுதப்பட்டிருந்தது என்பதும் நின்டெண்டோவின் வாதத்துக்குச் சாட்சியே. ஆயினும் முதல் போட்டு வாங்குபவனுக்கு முதல் மிஞ்சுமா என்பதே பெரிய கேள்வியாக இருந்தபோது, இந்த நியாயங்கள் எடுபடவில்லை.

நாம்கோவின் வருகையும் இப்படித்தான். நின்டெண்டோ கொடுத்திருந்த பழைய சலுகைகளை இழந்து மனம் கசந்திருந்த நிறுவனம் அது. தன் ரிட்ஜ் ரேசரைப் பிளேஸ்டேஷனின் முதல்நாள் விளையாட்டாகக் கொடுத்தது. இதில் ஒரு வேடிக்கை: சேகாவின் விர்சுவா ஃபைட்டர் 1993ல் கேளிக்கைக் கூடங்களில் வெற்றி பெற்ற பிறகுதான் முப்பரிமாணத்தில் எதிர்காலம் இருக்கிறது என்று பல படைப்பாளிகள் நம்பினார்கள், நம்பியவுடன் சோனியிடம் போனார்கள். சேகாவின் சொந்த சாட்டர்னில் இரட்டைச் செயலிகளைப் பொருத்தி வைத்திருந்ததால் அதற்கு நிரல் எழுதுவது பெரும்பாடாக இருந்தது.

1994 டிசம்பர் 3 அன்று பிளேஸ்டேஷன் ஜப்பானில் 39,800 யென்னுக்கு வந்தது. அடுத்த மே மாதம் லாஸ் ஏஞ்சலஸில் நடந்த முதல் ஈ3 கண்காட்சியில், சாட்டர்ன் இன்றே கடைகளில் கிடைக்கும், விலை 399 டாலர் என்று சேகா அறிவித்துத் திடுக்கிட வைத்தது. பின்னர் மேடையேறிய சோனியின் ஸ்டீவ் ரேஸ் 299 என்ற எண்ணை மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அரங்கம் ஆர்ப்பரித்தது. சேகாவின் அவசரத்தில் சரக்கு கிடைக்காத கடைக்காரர்களோ கோபத்தில் இருந்தார்கள்.

இவையெல்லாம் வணிகச் செய்திகள். நாம் சொல்ல விரும்புவது வேறு. அச்சுச் செலவு குறைந்ததும், இதுவரை யாரும் அனுமதித்திருக்க மாட்டார்கள் என்று தோன்றும் விநோதங்கள் வெளிவரத் தொடங்கின. மசாயா மட்சுரா என்ற இசைக்கலைஞர் 1996ல் பராப்பா தி ராப்பர் என்ற விளையாட்டைச் செய்தார். காகிதத்தில் வெட்டி எடுத்தது போன்ற நாய்க்குட்டி ஒன்று ராப் பாடக் கற்றுக்கொள்கிறது. ஆடுபவர் தாளம் தவறாமல் பொத்தான்களைத் தட்ட வேண்டும். இசையை முன்வைத்து ஒரு விளையாட்டு வகையே அதன் பிறகு தழைத்தது. 1999ல் அவர் செய்த விப்-ரிப்பன் இன்னும் அற்புதம். கறுப்புத் திரை, சில வெள்ளைக் கோடுகள், கோட்டின் மேல் நடக்கும் ஒரு முயல், அவ்வளவுதான். விளையாட்டு முழுவதும் இயந்திரத்தின் நினைவகத்திலேயே அடங்கிவிடுவதால், தட்டை வெளியே எடுத்துவிட்டு நாம் விரும்பிய இசைத்தட்டை உள்ளே வைக்கலாம். அந்த இசையின் ஏற்ற இறக்கத்துக்கேற்பப் பாதையில் பள்ளங்களும் வளையங்களும் முளைக்கும். இளையராஜாவின் தட்டை வைத்தாலும் அந்த முயல் நடக்கும். கார்ட்ரிட்ஜ் யுகத்தில் இப்படி ஒரு கற்பனை தோன்றவே இடமில்லை. புதிதாக வந்தவர் சந்தையை அசைத்தார் என்பதற்கு விற்பனை எண்ணிக்கையைவிட இந்த முயலையே நாம் சாட்சியாகக் காட்டுவோம்.

எண்ணிக்கையும் சிறிதல்ல. பிளேஸ்டேஷன் 10 கோடியைத் தாண்டியது. வீட்டுக் கன்சோல்களில் அந்த எல்லையைத் தொட்ட முதல் இயந்திரம் அதுவே. நின்டெண்டோ 64 சுமார் 3.3 கோடியோடு நின்றது. சேகா 2001ல் கன்சோல் தயாரிப்பையே கைவிட்டது.

இதை எளியவன் வலியவனை வீழ்த்திய கதையாகச் சொல்பவர்களோடு நமக்கு உடன்பாடில்லை. சோனி எந்த விதத்திலும் எளியவன் அல்ல. கன்சோலுக்கு மட்டுமே அது புதிது; ஆலையும் கடையும் பணமும் அதனிடம் முன்பே இருந்தன. 2001ல் எக்ஸ்பாக்ஸோடு நுழைந்த மைக்ரோசாஃப்டும் பல நூறு கோடி டாலர் நட்டத்தைத் தாங்கும் திராணியுள்ள புதியவர்தான். திராணி மட்டும் போதுமா என்றால், அதுவும் இல்லை. 2019ல் ஸ்டேடியாவைத் தொடங்கிய கூகுள், தன் சொந்த விளையாட்டுப் பட்டறையை 2021ல் மூடி, 2023 ஜனவரியில் கடையையே சாத்தியது. வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது, அது வேறு விஷயம்.

மறுகோடியில் ஊயா. 2012ல் பொதுமக்களிடம் திரட்டிய ஏறத்தாழ 86 லட்சம் டாலரோடு கிளம்பி, 99 டாலர் இயந்திரம், யாரும் எதையும் வெளியிடலாம் என்று திறந்த வாசலை வாக்களித்தது. வாசல் திறந்துதான் இருந்தது. உள்ளே வரத்தான் ஆளில்லை. அதற்கும் முன்பே, 1993ல் 3டிஓ குறுந்தகட்டோடும் படைப்பாளிகளுக்குத் தாராளமான உரிமத்தோடும் வந்திருந்தது. ஆனால் இயந்திரத்தைச் செய்தவர்கள் அதை உரிமம் பெற்றுச் செய்த வேறு நிறுவனத்தார். விளையாட்டு விற்பனையில் பங்கில்லாத அவர்கள் இயந்திரத்திலேயே லாபம் பார்த்தாக வேண்டியிருந்தது. விலை 699 டாலர். யார் வாங்குவார்?

சோனியும் பின்னாளில் வாசலில் உட்கார்ந்துகொண்டது. பிளேஸ்டேஷன் 2 இன்னும் பெரிய வெற்றி. அந்த மிதப்பில் 2006ல் வந்த பிளேஸ்டேஷன் 3ன் விலை 499, 599 டாலர். நிரல் எழுதுபவர்களைத் திணறடித்த செல் என்ற செயலி வேறு. இதை வாங்குவதற்காகவே மக்கள் கூடுதல் நேரம் உழைக்க நினைப்பார்கள் என்ற பொருளில் குதராகி பேசியதும் அப்போதுதான். சாட்டர்னிடம் கண்ட தவறுகளைச் சோனி ஒவ்வொன்றாகத் தானே செய்ததைப் பார்க்க நமக்கு விசித்திரமாக இருந்தது. அந்தச் சுற்றில் நின்டெண்டோ 249 டாலர் வீயைக் கொண்டுவந்து, தொலைக்காட்சியின் முன் பாட்டிமார்களைப் பந்து உருட்ட வைத்தது. அதுவும் 10 கோடியைத் தாண்டியது. குதராகி 2007ல் பொறுப்பிலிருந்து விலகினார்.

சோனியும் நின்டெண்டோவும் கூட்டாகச் செய்து பார்த்த மாதிரி இயந்திரம் ஒன்று 2015ல் அமெரிக்காவில் ஒரு பெட்டிக்குள்ளிருந்து வெளிப்பட்டது. முகப்பில் சோனியின் பெயர். மேலே சூப்பர் ஃபாமிகாமின் கார்ட்ரிட்ஜ் வாய். கீழே குறுந்தகட்டுத் தட்டு. கார்ட்ரிட்ஜ் உடனே ஓடியது. குறுந்தகட்டுப் பகுதியைப் பிறகு ஒருவர் பழுதுபார்த்து இயங்க வைத்தார். 2020 மார்ச்சில் அது 3,60,000 டாலருக்கு ஏலம் போனது. அந்தக் குறுந்தகட்டு இணைப்புக்கென்று எந்த விளையாட்டும் விற்பனைக்கு வந்ததில்லை.