பாதியில் நின்ற கார் லிஃப்ட்... அடியில் மட்டும் போகாதீங்க அப்பா!

டிசம்பர் மாதம் பிறந்தாலே தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு கலக்கம் வந்துவிடும். 2015 டிசம்பர் 2-ம் தேதி காலை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் கொட்டிய மழை 49 செ.மீ. முடிச்சூர், வரதராஜபுரம் தெருக்களில் கார் போன வழியில் படகு போனது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது, வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாக நிறுத்திவிட்டு வீட்டுக்கு நடந்தார்கள் மக்கள்.

மேம்பாலம் பக்கத்தில் இல்லாதவர்களுக்கும், ஒரு கார் நிற்கும் இடத்தில் இரண்டு கார் வைத்திருப்பவர்களுக்கும் கைகொடுப்பது ஹைட்ராலிக் லிஃப்ட். மகன் கார் மேலே, அப்பா கார் கீழே. ஒருநாள் ஆபீஸ் கிளம்பும் நேரத்தில் அது பாதியில் நின்றுவிடும். உடனே குனிந்து அடியில் போய் எட்டிப் பார்ப்பார் அப்பா. செய்யவே கூடாத காரியம் அதுதான்.

இந்த லிஃப்ட் இயங்கும் விதம் எளிமையானது. மோட்டார் பம்ப்பைச் சுழற்றும். பம்ப், டேங்கில் இருக்கும் ஆயிலை சிலிண்டருக்குள் தள்ளும். ஆயிலின் அழுத்தத்தில் கார் மேலே போகும். இறக்கும்போது வால்வு திறக்க, காரின் எடையே ஆயிலை டேங்குக்குத் திருப்பி அனுப்பும். மேலே போன பிறகு எடையைத் தாங்க வேண்டியது ஆயில் அல்ல, தூணில் இருக்கும் இரும்பு லாக். அதனால்தான் விவரம் தெரிந்த மெக்கானிக் போனில் கேட்கும் முதல் கேள்வி, "லாக்ல உட்கார்ந்திருக்கா சார்?"

பாதியில் நின்றால் லாக் விழுந்திருக்கிறதா என்பது உறுதியில்லை. ஆயில் மட்டுமே ஒரு டன்னுக்கு மேற்பட்ட எடையைத் தாங்கிக்கொண்டிருக்கலாம். சீல் தேய்ந்திருந்தால் மெல்ல இறங்கும்; ஹோஸ் வெடித்தால் சட்டென இறங்கலாம்.

மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, குழந்தைகளையும் நாயையும் தள்ளி நிறுத்திய பிறகு, தூர இருந்தே கவனிக்கலாம். மோட்டார் ஓடியும் ஏறவில்லையென்றால் ஆயில் குறைந்திருக்கலாம். குலுங்கிக் குலுங்கி ஏறியிருந்தால் லைனில் காற்று புகுந்திருக்கலாம். ஆயில் பால் கலந்த காபி நிறத்துக்கு மாறியிருந்தால், மழைத் தண்ணீர் உள்ளே போய்விட்டது என்று அர்த்தம். தரையோரம் மோட்டார் வைத்த வீடுகளில் வெள்ளத்துக்குப் பிறகு இது நடக்கும். அதை உயரத்தில் பொருத்தச் சொல்வது நல்லது.

கசிவைக் கையால் தடவிப் பார்க்கவே கூடாது. ஊசித் துளை வழியே பீய்ச்சும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும்; ஆனாலும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கரன்ட் போனாலும் சிக்கல்தான். பெரும்பாலான லிஃப்ட்களில் லாக்கை விடுவிக்க முதலில் காரைக் கொஞ்சம் மேலே தூக்க வேண்டும். அதற்கு மோட்டார் ஓட வேண்டும். கம்பியை விட்டு லாக்கை நெம்பிப் பார்க்கும் வீர விளையாட்டு வேண்டாம்.

மழைக்காலத்துக்கு முன்பு ஒருமுறை ஆயில், ஹோஸ், லாக் மூன்றையும் மெக்கானிக்கை அழைத்துப் பார்த்துவிடலாம். அன்றைக்கு ஆபீஸுக்கு மின்சார ரயில் இருக்கிறது, ஆட்டோ இருக்கிறது. மேலே மாட்டிய கார் சாயங்காலம் வரை அங்கேயே இருக்கட்டும்.