படையுடையில் பிறந்த கில்ற்

எடின்பரோக் கோட்டையின் அடிவாரத்திலே கிராஸ்மார்க்கெற் என்னும் பழைய சதுக்கம் உளது. அங்கே உடுத்துக் கழித்த ஆடைகளை விற்குங் கடையொன்றில் நாம் கண்ட காட்சி எம்மை வியப்பில் ஆழ்த்தியது. படையினர் கழித்த பச்சைக் காற்சட்டைகளைப் பிரித்து, மடிப்பு வைத்துத் தைத்த கில்ற்றுகள் வரிசையாகத் தொங்கின.

கில்ற் என்பது ஸ்கொட்லாந்து ஆடவர் இடையிற் சுற்றி, முழங்காலளவாக உடுக்கும் ஆடை. முறைப்படி தைப்பதற்கு 8 யார் கம்பளித் துணி வேண்டும், விலையும் பெரிது. இவையோ அன்றாடம் உடுத்தற்குரிய எளியவை. காற்சட்டைப் பைகளும் அப்படியே இருந்தன.

இவ்வாடைக்கொரு துயர வரலாறு உண்டு. 1746 இல் கலொடன் போர்க்களத்தில் மலைநாட்டார் தோற்றபின், அவர்தம் உடை சட்டத்தால் தடுக்கப்பட்டது. மீறியவனுக்கு 6 மாதச் சிறை. மீண்டும் மீறினால் 7 ஆண்டு நாடுகடத்தல். மன்னரின் படையிற் சேர்ந்தோருக்கு மாத்திரமே விலக்கு. 1782 இல் அச்சட்டம் நீங்கும்வரை, தந்தையின் உடையை உடுக்க விரும்பியவன் தன்னை வென்றவரின் படையிலே சேரவேண்டியிருந்தது!

அன்று படைவீரனுக்கே உரியதாயிருந்த கில்ற், இன்று படைவீரனின் பழந்துணியிலிருந்து பிறக்கின்றது. நாம் எடுத்துப் பார்த்த ஒன்றின் மடிப்பிலே, கிழிசலை யாரோ கையால் தைத்த அடையாளம் தெரிந்தது. அதனை அணிந்தவன் வீடு திரும்பினானோ, அறியோம்.

அதனையே வாங்கி வந்தோம், உடுப்பதற்கன்று. வகுப்பிலே மாணவர் முன் விரித்துக் காட்டுவதற்கு.