ஏவல் வினா

அறிவியல் புனைவு விளையாட்டுகளில் தளபதிக்கும் வீரனுக்கும் நடக்கும் மோதல் பழகிப்போன கதை. தளபதி உத்தரவு போடுவார், வீரன் மீறுவான், கடைசியில் மீறியவன் செய்ததே சரி என்றாகும். 2012இல் வெளிவந்த ‘ஹேலோ 4’இல் கோர்ட்டானா என்ற செயற்கை நுண்ணறிவை ஒப்படைக்கும்படி கேப்டன் டெல் ரியோ ஆணையிடுகிறார். மாஸ்டர் சீஃப் மறுக்கிறான். அவனைக் கைதுசெய்யச் சொல்கிறார். ஒருவரும் அசைவதில்லை. பிறகு கப்பலின் பொறுப்பை இழப்பவர் டெல் ரியோதான்.

(தளபதிக்கு ‘ஆர்’ விகுதியும் வீரனுக்கு ‘ஆன்’ விகுதியும் என் கை தானாகவே போட்டிருக்கிறது. இனி வரப்போகும் தளபதியை ‘அவன்’ என்றே எழுதப்போகிறேன். ஏனென்றால் அவன் எதிரில் நிற்பது ஒரு ‘அவள்’.)

அவள் பெயர் சாமஸ் அரான். நிண்டெண்டோவின் ‘மெட்ராய்ட்’ 1986இல் ஜப்பானில் வந்தபோது, கவசத்துக்குள் இருப்பது யாரென்று விளையாடியவர்களுக்குத் தெரியாது. ஆட்டத்தைச் சீக்கிரம் முடித்தால் கடைசியில் தலைக்கவசம் கழலும், உள்ளே ஒரு பெண் இருப்பாள். இன்னும் சீக்கிரம் முடித்தால் நீச்சலுடையில் நிற்பாள். வேகத்துக்குப் பரிசாக உடல்! அதை ஒரு பக்கம் வைத்துவிட்டால், அந்த ஆட்டத்தின் அடிப்படை எனக்குப் பிடித்தமானது. சாமஸ் தன்னந்தனியாக ஓர் அந்நியக் கோளில் அலைகிறாள். ஒவ்வொரு ஆயுதத்தையும் தேடிக் கண்டெடுக்கிறாள். கண்டெடுத்தது அவளுடையது.

2010இல் வந்த ‘மெட்ராய்ட்: அதர் எம்’ இதைத் தலைகீழாக்கியது. என் மகள் விளையாட, நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். இதில் ஆடம் மால்கோவிச் என்ற தளபதி வருகிறான். சாமஸ் ஒருகாலத்தில் அவனுக்குக் கீழே பணியாற்றியவள், பிறகு படையைவிட்டு விலகித் தனியாளாக வாழ்பவள். கைவிடப்பட்ட ஒரு விண்கலத்தில் இருவரும் எதிர்பாராமல் சந்திக்கிறார்கள். அவன் அனுமதிக்கும்வரை தன் ஆயுதங்களைப் பயன்படுத்துவதில்லை என்று அவள் ஒத்துக்கொள்கிறாள். ஆயுதங்கள் தொலைந்துபோகவில்லை. எல்லாம் அவள் கவசத்துக்குள்ளேயே இருக்கின்றன. அவன் ‘சரி’ என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

சில தடைகளுக்குக் காரணம் உண்டு. பெரிய குண்டு வெடித்தால் கலத்தில் உயிரோடிருப்பவர்களும் சாகலாம். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வேரியா கவசம்? அது அவள் உடலை வெப்பத்திலிருந்து காப்பது. அதனால் யாருக்கும் எந்த ஆபத்தும் இல்லை. இருந்தும் எரிமலைக் குழம்பு ஓடும் பகுதிக்குள் அவள் அது இல்லாமல்தான் ஓடுகிறாள். திரையின் மேலே அவள் உயிர் எண் குறைந்துகொண்டே வருகிறது. ஆடம் ஒலிபெருக்கிக்கு அந்தப் பக்கம் மௌனமாக இருக்கிறான். மகள் கட்டுப்பாட்டுப் பொத்தான்களை அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டு, “இவகிட்ட இருக்கு இல்ல? அப்புறம் ஏம்மா போட மாட்டேங்கிறா?” என்று கேட்டாள்.

படைவீரர்கள் கீழ்ப்படியத்தானே வேண்டும் என்று சொல்பவர்கள் உண்டு. சாமஸ் இப்போது படைவீரர் இல்லை என்பதை விட்டுவிடுவோம். கீழ்ப்படிதல் எனக்குப் பெரிய சிக்கலாகப் படவில்லை. மாஸ்டர் சீஃபும் பல உத்தரவுகளுக்குக் கீழ்ப்படிந்தவன்தான். ஆனால் தன் கவசத்தை அணிய அவன் யாரிடமும் கேட்டதில்லை. போர்க்களத்தில் எங்கே போக வேண்டும் என்று சொல்வது ஆணை. உன் தோல் வெந்துபோகாமல் இருக்க நான் ஒப்புதல் தர வேண்டும் என்பது வேறு.

வெளியூர்க் கருத்தரங்கில் கட்டுரை வாசிக்க விடுப்புக் கடிதம் நீட்டிய என்னிடம், “வீட்டுல சொல்லிட்டீங்களாம்மா?” என்று கேட்ட துறைத் தலைவர் ஒருவர் உண்டு. அதே கருத்தரங்குக்குக் கடிதம் கொடுத்த ஆண் ஆசிரியரிடம், ரயிலா பஸ்ஸா என்று கேட்டார். விடுப்பு இருவருக்கும் கிடைத்தது.

நன்னூல் வினாவை ஆறாகப் பிரிக்கிறது. அதில் கடைசி, ஏவல் வினா. வடிவம் கேள்வி, வேலை கட்டளை. ‘தண்ணீர் எடுத்து வைத்தாயா?’ என்பதுபோல. ஆடமின் வழக்கம் இதுதான். உத்தரவைச் சொல்லி முடித்ததும், ஏதும் மறுப்பு உண்டா என்று கேட்டு, கூடவே ‘லேடி’ என்று சேர்ப்பான். ‘ஃப்யூஷன்’ ஆட்டத்தில் சாமஸ் அந்தச் சொல்லை நினைவுகூர்கிறாள். வேறு யாராவது சொன்னால் கிண்டலாகத் தோன்றியிருக்கும், அவன் வாயில் அது கண்ணியமாக ஒலித்தது என்கிறாள். எனக்கு இது புரிகிறது. அதனால்தான் கோபமும் வருகிறது. கத்துகிற அதிகாரத்தை எதிர்த்துக் கத்திவிடலாம். அன்போடு ‘அம்மா’ போட்டுக் கேட்கிற அதிகாரத்திடம் என்ன செய்வது?

‘அதர் எம்’ கதையில் ஆடம் அவளைப் பின்னாலிருந்து உறையவைக்கும் துப்பாக்கியால் சுடுகிறான். அவள் சரிந்து கிடக்க, அவளைக் காப்பாற்றவே சுட்டதாக நிதானமாக விளக்கிவிட்டு, அவளுக்குப் பதிலாகத் தானே சாகப் போகிறான். அவள் அழுகிறாள். நாமும் அழ வேண்டும் என்று இசை சொல்கிறது. மகள் அழவில்லை. நானும்தான்.

2002இலேயே வந்துவிட்ட ‘ஃப்யூஷன்’ கதைவரிசையில் இதற்குப் பிந்தையது. ஆடம் இறந்தபின், தனக்கு வழிகாட்டும் கணினிக்கு அவள் அவன் பெயரையே வைத்திருக்கிறாள். அந்தக் கணினிக்குள் இருப்பது உண்மையிலேயே அவன் மனம் என்பது முடிவில்தான் தெரியவருகிறது. அதற்கு முன், ஆபத்தான ஒட்டுண்ணிகளை உயிரோடு பிடிக்க அரசு திட்டமிட, விண்வெளி நிலையத்தையே அழித்துவிட அவள் முடிவெடுக்கிறாள். கணினி அவளை ஓர் அறையில் அடைக்கிறது. அவள் வாதாடுகிறாள், வெல்லவும் செய்கிறாள். அழிப்பது அவள் முடிவு. அதை எப்படிச் செய்வது என்று திருத்திச் சொல்கிறான் ஆடம், ஆணையாக! மறுப்பு உண்டா என்ற அதே கேள்வியும் அந்தச் சொல்லும் பின்னாலேயே வருகின்றன. இல்லை என்கிறாள்.

2021இல் ‘மெட்ராய்ட் ட்ரெட்’ வந்தது. ஆட்டம் நெடுக ஆடமின் குரல் அவளுக்கு அறிவுரை சொல்லிக்கொண்டே வருகிறது. அவள் அநேகமாகப் பேசுவதே இல்லை. கடைசிக் கட்டத்தில் அந்தக் குரல் மறுபடியும் தொடங்க, சாமஸ் கையை உயர்த்தித் திரையைச் சுடுகிறாள். அத்தனை நேரமும் ஆடமாகப் பேசியவன் அவளுடைய எதிரி ரேவன் பீக்.